சீபாப்: 4–20 என்று வைத்துக் கொடுத்துவிட்டார்கள், ஏஹெச்ஐ 11-இலேயே நிற்கிறது. அழுத்தத்தை நானே மாற்றலாமா?

ஈரோட்டுக் குறட்டை
மார்ச் 2, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். உறக்கத்தில் தொண்டை அடைபடாதபடி மாஸ்க் வழியே அழுத்தக் காற்று ஊதும் சீபாப் இயந்திரம் பற்றி இங்குள்ள இழைகளை இரண்டு மாதங்களாகப் படித்து மட்டும் வந்தவன், இன்று முதன்முறையாக எழுதுகிறேன். எனக்கு வயது 52, எடை 91 கிலோ. குறட்டை எங்கள் வீட்டில் இருபது வருடத்துச் சங்கதி என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சென்ற ஐப்பசியில் பெருந்துறைச் சாலையில் பகல் பதினொரு மணிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடி கண் செருகி, எதிரே வந்த டெம்போவின் ஹாரன் சத்தத்தில் விழித்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். தூக்கப் பரிசோதனையில் ஏஹெச்ஐ 38 என்று வந்தது; அதாவது மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ வெகுவாகக் குறைந்தோ போயிருக்கிறது. ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோ இயந்திரம் வாங்கினேன். கொண்டுவந்து பொருத்திய விற்பனையாளர் பத்தே நிமிடத்தில் மாஸ்கை மாட்டிக்காட்டி, "இது ஆட்டோ சார், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குறைந்தபட்ச அழுத்தம் 4, அதிகபட்சம் 20 (செ.மீ. நீர் அளவில்) என்பது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் அமைப்பு என்று இங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறு வாரங்களாகியும் திரையில் ஏஹெச்ஐ 10-க்கும் 12-க்கும் இடையே நிற்கிறது. படுத்தவுடன் காற்றே வராததுபோல் ஓர் இறுக்கம் ஏற்படுகிறது, வாயைத் திறந்து இழுக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் மாஸ்க் எங்கோ கிடக்க விழித்துக்கொள்கிறேன். சராசரியாக நாலரை மணி நேரம்தான் போட்டுக்கொள்கிறேன். மருத்துவரின் அடுத்த முறை ஏப்ரல் கடைசியில்தான். அதுவரை காத்திருப்பதா, குறைந்தபட்ச அழுத்தத்தை நானே கூட்டிப் பார்ப்பதா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நொய்யல்
மார்ச் 2, இரவு 10.25

வணக்கம் நண்பரே. ஏழாண்டுகளாகச் சீபாப் பயன்படுத்துகிறேன், தொழிலால் பொறியாளன், மருத்துவன் அல்லன். உங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் உங்களிடமிருந்து சில எண்கள் வேண்டும், ஏனென்றால் ஏஹெச்ஐ என்ற ஒற்றை எண் எதையும் சொல்லாது. 11 என்பதில் தொண்டை அடைபட்டு நின்றவை எத்தனை, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுக்கு ஆணையிடாமல் நின்றவை எத்தனை, முழுதாக நிற்காமல் ஆழம் குறைந்த ஹைப்பாப்னியாக்கள் எத்தனை என்று பிரித்துப் பார்த்தால்தான் அழுத்தத்தைக் கூட்டுவதா, குறைப்பதா, தொடாமல் விடுவதா என்று பேசவே முடியும். அதோடு காற்றுக் கசிவின் 95 சதவீத அளவும் (இரவின் 95 சதவீத நேரம் எந்த அளவைத் தாண்டவில்லையோ அது), அழுத்தத்தின் நடு அளவும், 95 சதவீத அளவும் வேண்டும்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் எஸ்டி கார்டு இருக்கும். ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டு அந்தக் கார்டைப் படிக்கச் செய்தால், இரவு முழுவதும் நீங்கள் விட்ட ஒவ்வொரு மூச்சும் அலையாகத் தெரியும். கார்டைக் கணினியில் செருகுவதற்கு முன் அதன் விளிம்பிலுள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். இல்லையேல் கணினி தன் பங்குக்கு எதையாவது அதில் எழுதி வைக்கும். திரும்ப இயந்திரத்தில் வைக்கும்போது மறக்காமல் பூட்டைத் திறந்துவிடுங்கள். கார்டு இல்லாமல் ஓடிய இரவுகளுக்குச் சுருக்கம் மட்டுமே மிஞ்சும், மூச்சலை கிடைக்காது என்பதால் கார்டை வெளியே மறந்து வைத்துவிடாதீர்கள்.

சேலத்து மாம்பழம்
மார்ச் 3, காலை 6.15

இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. எனக்கும் இதே 4–20 தான் வைத்துக் கொடுத்தார்கள், இதே மூச்சுமுட்டல் இருந்தது. மருத்துவர் பக்க மெனுவுக்குள் போகும் வழியைக் காணொளியில் பார்த்து, ஒரே இரவில் குறைந்தபட்சத்தை 12 ஆக்கினேன், மூச்சுமுட்டல் அன்றே போய்விட்டது. அண்மையில் 14 ஆக்கியிருக்கிறேன். காற்று பலமாக வந்தால் தொண்டை திறக்கப்போகிறது, அவ்வளவுதானே. தைரியமாக 12 வையுங்கள் அண்ணா.

வைகைக்கரை
மார்ச் 3, பிற்பகல் 2.10

நான் நுரையீரல் மருத்துவர். நேரில் பரிசோதிக்காதவருக்கு இங்கே அழுத்தம் குறித்துக் கொடுப்பது என் வழக்கமில்லை. ஆனால் மேலே உள்ள பதிவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

"காற்று பலமாக வந்தால் தொண்டை திறக்கும்" என்பது பாதிதான் உண்மை. தேவைக்கு மேல் அழுத்தம் கொடுக்கும்போது சிலருக்கு இரத்தத்தில் கரியமில வாயு, மூச்சைத் தூண்டும் வரம்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது தொண்டை விரியத் திறந்திருந்தும் மூளை அடுத்த மூச்சை இழுக்கச் சொல்லாமல் சற்று நேரம் சும்மா இருக்கிறது. அடைப்பைத் தீர்க்கப் போய் இன்னொரு வகை நிறுத்தத்தை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். ஆய்வகத்தில் நாங்கள் அழுத்தத்தைக் கண்டறியும்போது 4-இல் தொடங்கி, குறைந்தது ஐந்து நிமிடம் கவனித்த பிறகே ஒவ்வொரு படியாக ஏற்றுகிறோம். யாரும் ஒரே தாவலில் 12-க்குப் போவதில்லை.

இன்னும் முக்கியமாக, இதயம் பலவீனமானவர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர்கள், மிகு உடற்பருமனால் கரியமில வாயு தேங்குபவர்கள், வலிக்காக ஓபியாய்டு வகை மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் அழுத்தத்தையோ இயங்கு முறையையோ வீட்டில் தாமாக மாற்றவே கூடாது. 2015-இல் வெளியான செர்வ்-ஹெச்எஃப் ஆய்வில், இதயத்தின் உந்துதிறன் 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருந்த நோயாளிகளுக்கு ஏஎஸ்வி என்ற நுட்பமான இயந்திரத்தைக் கொடுத்தபோது, மூச்சு நிறுத்தங்கள் அழகாகக் குறைந்தன, இதயநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ கூடியது. அது சீபாப் அல்ல, வேறு வகை இயந்திரம்தான். என்றாலும் திரையில் எண் இறங்கியதை மட்டும் பார்த்து மகிழக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் எதைத் தொடலாம் என்று கேட்டால், மாஸ்க், ஈரப்பதம், குழாயின் வெப்பம், தொடக்கத்தில் அழுத்தம் மெல்ல ஏறும் ராம்ப் நேரம், மூச்சுவிடும்போது அழுத்தம் தளரும் ஈபிஆர் வசதி ஆகியவை உங்கள் கையில் உள்ளவை. அழுத்தத்தின் எல்லைகளை மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நேரில்தான் போக வேண்டும் என்பதில்லை, இரண்டு வாரத்து அறிக்கையை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கேட்டாலே போதும். எங்களில் பலர் நெரிசலான புறநோயாளர் பிரிவில் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லி அனுப்பிவிடுகிறோம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அறிக்கையோடு கேள்வியையும் நீங்களே எழுதி அனுப்பினால் பதில் வரும்.

ஈரோட்டுக் குறட்டை
மார்ச் 5, இரவு 8.50

மிக்க நன்றி ஐயா. எனக்கு இதயக் கோளாறு இல்லை, எக்கோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை.

மகனை உட்காரவைத்து ஆஸ்காரை நிறுவி, கடந்த ஏழு இரவுகளைப் பார்த்தேன். ஏஹெச்ஐ சராசரி 11.3, அதில் அடைப்பு 5.9, திறந்த மூச்சுவழி நிறுத்தம் 1.6, ஹைப்பாப்னியா 3.8. அழுத்தத்தின் நடு அளவு 7.4, 95 சதவீத அளவு 11.2. கசிவின் 95 சதவீத அளவு நிமிடத்துக்கு 38 லிட்டர். ராம்ப் 45 நிமிடம், தொடக்க அழுத்தம் 4, ஈபிஆர் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கசிவுக் கோடு நள்ளிரவு தாண்டும்வரை தரையோடு கிடந்து, இரண்டரை மணிக்குப் பிறகு மலைபோல் எழுகிறது.

நொய்யல்
மார்ச் 5, இரவு 10.05

இப்போது பேசலாம். முதலில் அந்த 38-ஐப் பார்ப்போம். மாஸ்கில் கரியமில வாயு வெளியேறுவதற்கென்று இருக்கும் துளைகள் வழியே போகும் காற்றை ரெஸ்மெட் கழித்துவிட்டு, வேண்டாத கசிவை மட்டும் காட்டுகிறது. அது 24 லிட்டரைத் தாண்டினால் மிகை என்று கொள்ள வேண்டும். (சில நிறுவனங்களின் இயந்திரங்கள் மொத்தக் கசிவையும் காட்டும் என்பதால், வேறு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்த 24-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.) கசிவு மிகும்போது இரண்டு கேடு. தொண்டைக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் சேராது. அதைவிட மோசமாக, இயந்திரத்துக்கு உங்கள் மூச்சே சரியாகக் கேட்காது, எண்ணிக்கை தவறும். ஓட்டைக் குடத்தில் தண்ணீரை அளந்து பார்த்துக் குழாயைத் திருகுவது போன்றதுதான் கசிவைச் சரிசெய்யாமல் அழுத்தத்தைத் திருகுவது.

அடுத்தது, நீங்கள் படுத்தவுடன் மூச்சு முட்டுவது. ராம்ப் என்பது தொடக்க அழுத்தத்திலிருந்து குறைந்தபட்ச அழுத்தத்துக்கு மெல்ல ஏறும் ஏற்பாடு. உங்களுக்கு இரண்டும் 4 என்பதால் ஏறுவதற்கு ஒன்றுமில்லை. 45 நிமிடம் 4-இலேயே படுத்திருக்கிறீர்கள். 91 கிலோ உடம்புக்கு அந்தக் காற்று பலருக்குப் போதாது, ஒல்லியான உறிஞ்சுகுழலால் இளநீர் உறிஞ்சுவதுபோல் இருக்கும்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வி. ஆட்டோ என்ற சொல்லை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். அந்த இயந்திரம் வருமுன் காப்பதைவிட வந்தபின் ஓடுவதையே அதிகம் செய்கிறது. மூச்சலை தட்டையாவதையோ குறட்டையையோ அடைப்பையோ கண்ட பிறகு படிப்படியாக ஏறி, தொந்தரவு இல்லையென்றால் மெல்ல இறங்கிவிடும். உங்கள் தொண்டைக்கு இரவின் பாதி நேரம் 7.4-க்கு மேல் தேவைப்படுகிறது. 4-இலிருந்து அங்கே ஏறிப் போவதற்குள் நாலைந்து அடைப்பு நடந்து முடிந்துவிடுகிறது. இறங்கியதும் மறுபடி அதே கதை. தரைமட்டத்தை 7 வாக்கில் உயர்த்தினால் ஏற வேண்டிய தூரம் குறையும். திறந்த மூச்சுவழி நிறுத்தம் 1.6 மட்டுமே என்பதால் ஓரளவு உயர்த்த இடமிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மருத்துவர் ஐயா சொன்னபடி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், அதற்கு முன் கசிவைச் சரிசெய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

தாமரைக்குளம்
மார்ச் 6, காலை 11.30

கசிவைப் பற்றி நான் எழுதலாம், ஏனென்றால் என் முதல் நான்கு மாதங்கள் அதிலேயே போயின. மாஸ்கை உட்கார்ந்தபடி கண்ணாடி முன் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. படுக்கும்போது கன்னத்துச் சதை காதுப்பக்கம் சரிந்து முகமே வேறு வடிவமாகிவிடுகிறது. எனவே படுத்துக்கொண்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று பாயும்போதே பட்டைகளைத் தளர்த்துங்கள். ஆம், முதலில் தளர்த்துங்கள். பிறகு மாஸ்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்துவிட்டு மெல்ல விடுங்கள். உள்ளிருக்கும் சிலிக்கோன் மடிப்பு காற்றில் உப்பித் தானாகத் தோலில் உட்காரும். அதன்பின் இரு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கி, கசிவு கூடத்தான் செய்யும். காலையில் மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு இருந்தால், இறுக்கத்தால் சமாளிக்கிறீர்கள், அளவு சரியில்லை என்று பொருள்.

இரவில் தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டா ஐயா? எனக்கு இருந்தது. எண்ணெய்ப் பசையில் சிலிக்கோன் வழுக்கிக்கொண்டே இருக்கும், பாதி இரவில் நகர்ந்துவிடும். தினமும் காலையில் குஷனை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், படுக்கப் போகுமுன் முகத்தையும் கழுவுங்கள். மீசை தாடி இருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீங்கள் போடுவது மூக்கு மாஸ்க் என்றால், மூன்று மணிக் கசிவு மாஸ்கிலிருந்து அல்லாமல் வாயிலிருந்தும் வரலாம். விழிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி வறண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பலர் வாயில் பிளாஸ்திரி ஒட்டச் சொல்வார்கள். மூக்கு அடைத்துக்கொள்பவர்களுக்கும் வாந்தி வரும் தொந்தரவு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. மூக்கடைப்பைச் சரிசெய்தால் பாதி வாய்க்கசிவு தானாக நிற்கும், மீதிக்கு முழுமுக மாஸ்க் இருக்கிறது.

வைகைக்கரை
மார்ச் 6, இரவு 9.15

மேலே உள்ள பதிவுடன் முழுக்க உடன்படுகிறேன். கசிவு இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்த தொல்லை. 1980-இல் சிட்னியில் கோலின் சல்லிவன் முதன்முதலாக இதை ஒரு நோயாளிக்குக் கொடுத்து, 1981-இல் லான்செட் இதழில் எழுதினார். தொடக்க காலத்தில் ஒவ்வொருவரின் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்த மாஸ்கைத் தினமும் இரவு சிலிக்கோன் பசையால் ஒட்டி, காலையில் பிய்த்தெடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைய பட்டைகள் வரப்பிரசாதம்.

ஈரோட்டு நண்பர் ஏஹெச்ஐயைவிடக் கவலைப்பட வேண்டியது அந்த நாலரை மணி நேரத்தைப் பற்றித்தான். கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில் செறிந்து வருகிறது, அப்போது தொண்டைத் தசைகள் மிகவும் தளர்கின்றன. மூன்று மணிக்கு மாஸ்கைக் கழற்றுகிறவர், மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கழற்றுகிறார். 2016-இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், சீபாப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று தெரிந்தபோது பலர் ஏமாற்றமடைந்தனர். அதில் பங்கேற்றவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே பயன்படுத்தியிருந்தார்கள். அது மட்டுமே காரணமா என்பது இன்றும் விவாதம்தான்.

ஈரோட்டுக் குறட்டை
மார்ச் 16, மாலை 6.20

பத்து நாள் கழித்து வருகிறேன், சொல்ல விஷயம் இருக்கிறது. தாமரைக்குளம் அம்மா சொன்னபடி குஷனைத் திருப்பிப் பார்த்தபோது அதில் "எல்" என்று இருந்தது. மாஸ்கோடு வந்த அளவுத் தாளை மூக்கின் மேல் வைத்துப் பார்த்தால் எனக்கு "எம்" தான் வருகிறது. விற்பனையாளரைக் கேட்டேன். அன்று கைவசம் அதுதான் இருந்தது என்கிறார், எந்தக் கூச்சமும் இல்லாமல். சரியான அளவை வேறு கடையில் வாங்கி மாட்டிய இரண்டாம் நாளே கசிவு 14-க்கு வந்துவிட்டது. எண்ணெயையும் நிறுத்திவிட்டேன், அம்மாவுக்கு நன்றி. அழுத்தத்தில் கை வைக்காமலேயே ஏஹெச்ஐ 7.8 ஆகியிருக்கிறது.

அந்த அறிக்கையோடு, "குறைந்தபட்சத்தை 7 ஆக்கலாமா, ராம்பை என்ன செய்வது?" என்று இரண்டே கேள்வி எழுதி மருத்துவருக்கு அனுப்பினேன். மறுநாளே அழைத்தார். குறைந்தபட்சம் 7, அதிகபட்சம் 13, ஈபிஆர் 2, ராம்ப் தானியங்கி என்று வைக்கச் சொல்லியிருக்கிறார். நேற்றிரவுதான் முதல் இரவு. படுத்தவுடன் முட்டல் இல்லை.

நொய்யல்
மார்ச் 16, இரவு 9.00

மகிழ்ச்சி. ஆனால் அதிகபட்சத்தை 13-இல் ஏன் கட்டிப்போட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இயந்திரத்துக்குத் தேவையில்லையென்றால் அது 20-க்குப் போகப்போவதில்லை. ஏதோ ஓர் இரவு மல்லாந்து படுத்து, கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டால் போகட்டுமே என்று திறந்துவிடுவதுதான் என் வழக்கம்.

வைகைக்கரை
மார்ச் 17, காலை 7.40

உங்கள் வாதத்தில் தவறில்லை, பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் இவருக்கு அண்மைக்காலம்வரை 38 லிட்டர் கசிவு இருந்தது. கசிவில் இயந்திரம் தப்பாகப் படித்து அழுத்தத்தை ஏற்ற, ஏறிய அழுத்தம் மாஸ்கைத் தூக்க, கசிவு இன்னும் கூட, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு 18-இல் போய் நின்று நோயாளியை எழுப்பிவிட்ட இரவுகளைப் பார்த்திருக்கிறேன். 95 சதவீத அளவான 11.2-க்கு மேல் சிறிது இடம்விட்டு 13-இல் நிறுத்தியிருக்கிறார் அந்த மருத்துவர். இரவுதோறும் 13-இல் போய் முட்டி நின்றால் உயர்த்திக்கொள்ளலாம்.

ஈபிஆர் பற்றி ஒன்று. 2 என்று வைத்தால், 7-இல் இழுக்கும் மூச்சை 5-இல் விடுவீர்கள். சுகமாக இருக்கும், வயிற்றில் காற்றுப் புகுவதும் குறையும். ஆனால் தொண்டை பெரும்பாலும் மூச்சு விட்டு முடிக்கும் கட்டத்தில்தான் மூடிக்கொள்கிறது, அந்தக் கட்டத்து அழுத்தத்தை நீங்கள் குறைத்திருக்கிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். முன்பு 4-இல் இருந்தபோது ஈபிஆரை இயக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, 4-க்குக் கீழே இயந்திரம் இறங்காது.

சேலத்து மாம்பழம்
மார்ச் 18, இரவு 11.10

நான் மேலே அவசரப்பட்டு எழுதியது உண்மைதான். மருத்துவர் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு மனது கேட்காமல் என் கார்டையும் ஆஸ்காரில் போட்டுப் பார்த்தேன். ஏஹெச்ஐ 8.6, அதில் 7.1 திறந்த மூச்சுவழி நிறுத்தம், அடைப்பு 0.4 மட்டுமே. காலையில் வயிறு பானைபோல் உப்பியிருப்பதை இத்தனை நாள் இரவுச் சாப்பாட்டின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். சோர்வும் முழுதாகப் போகவில்லை. இப்போது என்ன செய்வது?

வைகைக்கரை
மார்ச் 19, பிற்பகல் 1.30

கேட்டதற்கு நன்றி. மூச்சு நிற்கும்போது உங்கள் இயந்திரம் நொடிக்கு நான்கு மிகச் சிறிய அழுத்தத் துடிப்புகளை அனுப்பி, அவை மூடிய கதவில் முட்டித் திரும்புகின்றனவா, திறந்த வழியில் போய்விடுகின்றனவா என்று பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது. எனவே 7.1 என்பதைப் புறக்கணிக்க முடியாது. ஆயினும் அதில் ஒரு பகுதி, விழித்துக்கொண்டு புரளும்போது இயல்பாக மூச்சைப் பிடித்துக்கொள்வதாகவும் இருக்கலாம். மூச்சலையைப் பெரிதாக்கி, அதற்கு முன் ஒரு பெருமூச்சோ புரண்டதன் கலக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். உறங்கும் சீரான மூச்சின் நடுவே, ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓர் ஒழுங்கோடு வந்தால் அது வேறு.

உங்கள் மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் கொண்டுபோய், நீங்களாக 14-க்கு உயர்த்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடைப்பு 0.4 மட்டுமே என்பதால் அவர் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்ல வாய்ப்பு அதிகம். வயிற்று உப்புசமும் அதையே கேட்கிறது. சிகிச்சையால் தோன்றும் இவ்வகை நிறுத்தம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டால், இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது முறை.

ஈரோட்டுக் குறட்டை
மார்ச் 30, இரவு 8.15

இரண்டு வார நிலவரம்: ஏஹெச்ஐ சராசரி 4.1, கசிவு 12, பயன்பாடு ஆறு மணி பத்து நிமிடம். ஐந்துக்குக் கீழே வந்துவிட்டது என்று வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு புதிர். இரவின் மற்ற நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வருகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்துக்கும் இடையே மட்டும் இருபத்தைந்து நிமிடத்தில் எட்டு அடைப்புகள் கொத்தாக வருகின்றன. வாரத்தில் நான்கு நாள் இப்படி. அந்நேரம் அழுத்தம் 13-இல் போய் நிற்கிறது. அதிகபட்சத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாமா?

நொய்யல்
மார்ச் 30, இரவு 9.50

அதிகபட்சத்தைத் திறந்துவிடச் சொன்ன நானே இப்போது வேண்டாம் என்கிறேன். அடைப்புகள் இரவு முழுவதும் பரவலாக வந்தால் அழுத்தக் குறை. இப்படிக் கொத்துக் கொத்தாக வந்து, அழுத்தம் ஏறியும் அடங்காவிட்டால், பெரும்பாலும் படுக்கும் நிலைதான் காரணம். மல்லாந்து புரண்டிருப்பீர்கள், அல்லது மோவாய் மார்பை நோக்கி மடிந்திருக்கும். தோட்டத்து ரப்பர் குழாய் மடிந்துகொண்டால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டி என்ன பயன்? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?

ஈரோட்டுக் குறட்டை
மார்ச் 30, இரவு 10.05

இரண்டு. இரண்டுமே இலவம்பஞ்சு, ஒன்று சற்றுப் பெரியது.

தாமரைக்குளம்
மார்ச் 31, காலை 10.20

பெரியதை எடுத்துவிடுங்கள் ஐயா. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரத்துக்கு ஒரு தலையணை போதும். அப்படியும் மல்லாந்து புரள்கிறீர்கள் என்றால் முதுகுக்குப் பின்னால் ஓர் உருட்டுத் தலையணையை அணையாக வையுங்கள். மோவாய் மடிவதற்குச் சிலர் கழுத்துவலிக்குப் போடும் மென்மையான பட்டையைக் கட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர் வெக்கையில் அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

ஈரோட்டுக் குறட்டை
ஏப்ரல் 12, மாலை 5.45

பெரிய தலையணையைப் பரணில் ஏற்றிப் பன்னிரண்டு நாளாகிறது. முதல் மூன்று இரவுகள் கழுத்து பிடித்துக்கொண்டது, பிறகு பழகிவிட்டது. கொத்து இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறது. அன்று மின்விசிறி நின்றுபோய்ப் புழுக்கத்தில் மல்லாந்து கிடந்தேன் என்று மனைவி சாட்சி சொல்கிறாள். ஏஹெச்ஐ 2.6. பகல் தூக்கத்துக்கான எப்வொர்த் கேள்வித்தாளில் டிசம்பரில் 24-க்கு 16 வாங்கியிருந்தேன், நேற்றுப் போட்டுப் பார்த்ததில் 9. அழுத்தம் அதே 7–13 தான், கை வைக்கவில்லை. மருத்துவரின் முறை 28-ஆம் தேதி வருகிறது, அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

மின்தடைக்கு வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். இன்னொன்று, ஒருக்களித்துப் படுக்கத் தொடங்கியதிலிருந்து மாஸ்கின் துளைகளிலிருந்து வரும் காற்று மனைவியின் முகத்தில் அடிக்கிறது. இரவில் முழங்கையால் இடிக்கிறாள், நான் விழித்துக்கொள்கிறேன்.

நொய்யல்
ஏப்ரல் 12, இரவு 9.30

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். சதுர அலை தருவது என்றால் இயந்திரத்தின் அடாப்டரை அதில் மாட்டாதீர்கள். மின்சாரத்தை அதிகம் தின்பது ஈரப்பதமூட்டியும் குழாயின் சூடும்தான். மின்தடை அதிகமுள்ள நாளில் அவ்விரண்டையும் அணைத்துவிட்டால் பேட்டரி பல மடங்கு நேரம் தாங்கும்.

தாமரைக்குளம்
ஏப்ரல் 13, காலை 7.05

அந்தத் துளைகளைத் துணியாலோ விரலாலோ அடைத்துவிடாதீர்கள் ஐயா, நீங்கள் விட்ட மூச்சு வெளியே போவது அந்த வழியாகத்தான். குழாயை உங்கள் தலைமாட்டுக் கட்டில் சட்டத்தின் மேல் வழியாகக் கொண்டுவந்து, உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தலையணையை நிறுத்தி வையுங்கள். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அதுதான் எல்லைக்கோடு. பரணில் ஏற்றிய பெரிய தலையணையை இறக்கினால் அதற்குச் சரியாக இருக்கும்.